உட்துறையா வெளிக்கடலா: அலாஸ்காவுக்குப் பெரிய கப்பலில் போக நினைக்கும் திருகோணமலைக் குடும்பங்களுக்கு

ரொறன்ரோவில் இருக்கிற மகள் மூன்று கப்பல்களின் விலையை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அம்மா, அப்பாவிட்டயும் கேட்டு எது எண்டு சொல்லுங்கோ" என்று எழுதியிருப்பாள். மூன்றும் அலாஸ்கா, மூன்றும் ஏழு இரவு. மூன்று படத்திலும் நீலப் பனிச்சுவர் ஒன்று, அதன் முன்னால் வெள்ளைக் கப்பல் ஒன்று. விலையில் மட்டும் ஆளுக்கு நானூறு, ஐந்நூறு டொலர் வித்தியாசம். இதற்கிடையில் லண்டனிலிருந்து சித்தப்பா, "அலாஸ்கா எதுக்கு? நோர்வே கிட்டத்தானே, இஞ்சால வாங்கோ" என்பார்.

முதலில் ஒரு சின்ன விசயம். கனடாவில் இருந்து பார்க்கும்போது பல இணையத்தளங்கள் கனேடிய டொலரில் விலை காட்டும். சில அமெரிக்க டொலரில் காட்டும். நானூறு டொலர் வித்தியாசத்தில் பாதி அங்கேயே கரைந்துபோகலாம். எந்த நாணயம், துறைமுக வரி சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்பிடத் தொடங்க வேண்டும்.

அதன்பின் பார்க்க வேண்டியவை மூன்று: கப்பல் எந்தத் துறையில் தொடங்குகிறது, எந்தக் கடலால் போகிறது, எந்தப் பனியாற்றின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறது. நீர்ச்சறுக்கும் நாடக அரங்கும் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடையும் கடைசியில் பார்க்கிற சாமான்கள். அவை கரீபியன் கடலில் ஓடும் கப்பலிலும் உண்டு.

எந்தத் துறையில் ஏறுவது

பெரிய கப்பல்களின் அலாஸ்காப் பாதை மூன்று வகை. சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்குவது. வன்கூவரில் ஏறி வன்கூவரிலேயே இறங்குவது. வன்கூவரில் ஏறி வடக்கே சூவர்ட் அல்லது விற்றியர் துறையில் இறங்குவது (அல்லது அங்கே ஏறித் தெற்கே வருவது). மூன்றிலும் பெரும்பாலும் ஜூனோ, கெச்சிக்கான், ஸ்கக்வே என்ற அதே ஊர்கள்தான் வரும். கடல்தான் வேறு.

வாடை அடிக்கிற மார்கழியில் நம் உட்துறைமுகம் குளம்போலக் கிடக்கும். அதே நேரத்தில் மூதூர் லாஞ்சு கொட்டியாரக் குடாவில் எழும்பி விழும். வன்கூவர் கப்பலுக்கும் சியாட்டில் கப்பலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அதுதான். வன்கூவரில் இருந்து புறப்படும் கப்பல் வன்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நீரிணையால் வடக்கே ஏறும். இருபக்கமும் கரை, காடு, மலை. சியாட்டில் கப்பல்களில் பெரும்பாலானவை அதே தீவின் மேற்குப்பக்கத்தால், திறந்த பசிபிக் கடலில் ஓடும். முதல் முழுநாளும் கடலில்தான், கரை தென்படாது. யூன், யூலையில் அது அநேகமாகச் சமாளிக்கக்கூடிய கடல். செப்டெம்பரில் நீண்ட அலை எழுந்தால் ஐயாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டார்கள்.

வன்கூவர் பாதையில் சீமோர் நெரோஸ் என்ற இடுக்கு ஒன்று வரும். வற்றுப்பெருக்கின் வேகத்தில் அங்கே நீரோட்டம் 15 நொட் வரை ஓடும். அதன் நடுவே கிடந்து கப்பல்களை உடைத்துக்கொண்டிருந்த ரிப்பிள் ரொக் என்ற பாறையை 1958 ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றும் கப்பல்கள் நீர் தணியும் நேரம் பார்த்தே அதைக் கடக்கும். அது நள்ளிரவாக இருந்தால் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கப்பல் வன்கூவரில் இருந்து சொன்ன நேரத்துக்குப் பிந்திப் புறப்பட்டால் அதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கும்.

மிகப் பெரிய கப்பல்கள் பல சியாட்டிலில் நிற்பதற்கும் காரணம் உண்டு. வன்கூவர் துறைக்குள் போக லயன்ஸ் கேட் பாலத்தின் கீழால் போக வேண்டும். பாலத்துக்கும் நீருக்கும் இடையே 61 மீற்றர்தான். 4,000 பேர் ஏறும் 168,000 தொன் வகைக் கப்பலை விரும்புகிறவர் சியாட்டிலையே பார்ப்பார். சியாட்டிலுக்கு டுபாயில் இருந்து நேரே விமானம் இருப்பதால், கட்டுநாயக்கவில் இருந்து ஒரே ஒரு மாற்றத்தோடு போகவும் முடியும். சியாட்டிலின் பலம் இவ்வளவுதான்: விமானம், விலை, கப்பலின் பருமன்.

அதன் பலவீனம் விக்டோரியா. அமெரிக்கக் கொடி இல்லாத கப்பல் ஒரு அமெரிக்கத் துறையில் ஆட்களை ஏற்றி அங்கேயே கொண்டுவந்து இறக்க வேண்டுமென்றால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டே ஆகவேண்டும். 1886ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆகவே சியாட்டில் கப்பல்கள் கடைசி நாளில் கனடாவின் விக்டோரியாவுக்குப் போகும். பல அட்டவணைகளில் மாலை ஏழு மணிபோல் சேர்ந்து நள்ளிரவுக்கு முன் புறப்பட்டுவிடும். ஊரின் பூந்தோட்டம் பார்க்க நேரம் போதாது. சட்டத்துக்காக நிற்கிறார்கள், ஊர் காட்ட நிற்கவில்லை.

அதே சட்டம் வேறொரு இடத்திலும் கடிக்கும். விமானம் பிந்திச் சியாட்டிலில் கப்பலைத் தவறவிட்டால், கெச்சிக்கானுக்குப் பறந்துபோய் அங்கே ஏறலாம் என்று நினைப்பது இயல்பு. கெச்சிக்கானில் ஏறிச் சியாட்டிலில் இறங்கினால் அது இரண்டு அமெரிக்கத் துறைகளுக்கு இடையிலான பயணமாகிவிடும்; விக்டோரியாவைத் தொட்டாலும் போதாது. கப்பல் ஏற்ற மறுக்கலாம், ஏற்றினால் அபராதம் விழலாம். வன்கூவரில் முடியும் பயணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. திருகோணமலையில் இருந்து கட்டுநாயக்கவுக்கே ஆறு மணித்தியாலம், பிறகு இரண்டு விமானம், பன்னிரண்டரை மணித்தியால நேர வித்தியாசம். இப்படி வருகிறவர் சியாட்டிலுக்கு இரண்டு நாள் முந்திப் போய்ச் சேருவது ஆடம்பரமல்ல.

மூன்றாவது வகை, ஒருவழிப் பயணம். கப்பல் திரும்பி வராததால் அதே நாட்களுக்குள் கூடுதல் தூரம் வடக்கே போகிறது. கிளேசியர் பே என்ற பனியாற்றுக் குடாவோடு ஹபார்ட் பனியாறோ கொலேஜ் பியோர்டோ (பியோர்ட் என்பது மலைகளுக்கு நடுவே உள்ளே ஓடும் ஒடுங்கிய கடற்குடா) சேர்ந்து வரும். பிறகு ரயிலில் டெனாலிப் பக்கம் மூன்று, நான்கு நாள் போகலாம். 6,190 மீற்றர் மலை, முகில் விலகினால் தெரியும், பலருக்கு விலகாது. குறை இரண்டு. அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கிற ஒரு இரவும் பகலும் வெளிக்கடல். இறங்கும் இடமும் நகரமல்ல: விற்றியரில் இருந்து அங்கரேஜ் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர், சூவர்ட்டில் இருந்து 200. விற்றியருக்கு உள்ள ஒரே தரைவழி ஒற்றைப்பாதைச் சுரங்கம். அதை ரயிலும் வாகனங்களும் முறைவைத்துப் பாவிக்கும். அந்தப் பஸ்சுக்கோ ரயிலுக்கோ தனிக் காசு. அன்று மதியத்துக்கு முன் விமானம் எடுத்தால் ஓட வேண்டிவரும்.

விசா

இலங்கைக் கடவுச்சீட்டோடு அலாஸ்காவுக்கு எந்தப் பாதையால் போனாலும் அமெரிக்க விசாவும் கனேடிய விசாவும் இரண்டும் வேண்டும். "சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலில் இறங்குகிறோம், கனடா விசா எதுக்கு" என்று கேட்கிறவர்கள் விக்டோரியாவை மறந்துவிடுகிறார்கள். கப்பலை விட்டு இறங்காமல் இருப்போம் என்ற கதை ஏறுதுறையில் எடுபடாது; ஏறும்போதே கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அமெரிக்கப் பயணி விசாவுக்கு அடிப்படை விண்ணப்பக் கட்டணம் 185 அமெரிக்க டொலர். கனடாவுக்கு 100 கனேடிய டொலர், கைரேகைக்கு மேலும் 85. இவை மறுக்கப்பட்டால் திரும்பாத காசு.

பிள்ளைகளிடம் ரொறன்ரோவுக்கு சுப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டகாலம் தங்கக் கனடா கொடுக்கும் விசா) போய் இருக்கிற பெற்றோருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. அமெரிக்க விசா மட்டும் எடுத்தால் போதும். ஆனால் அதைக் கனடா போனபின் எடுக்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. 2025 செப்டெம்பரில் இருந்து, குடிவரவு அல்லாத விசாவுக்குச் சொந்த நாட்டிலோ வதியும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு சொல்கிறது. கனடாவில் விருந்தாளியாக நிற்கிற அம்மா அப்பா வதிவோர் ஆகமாட்டார்கள். ஆகவே கொழும்பில் நேர்முகத்தை முடித்துவிட்டே விமானம் ஏற வேண்டும். இன்னொன்று: மகள் கனேடியக் குடியுரிமை எடுத்திருந்தால் அவளுக்கு விசா தேவையில்லை. மருமகன் இன்னும் நிரந்தர வதிவிட அட்டையோடும் இலங்கைக் கடவுச்சீட்டோடும் இருந்தால் அவருக்கும் அமெரிக்க விசா வேண்டும். குடும்பமாகப் போகும்போது கடைசி நேரத்தில் கரையில் நிற்பவர் பெரும்பாலும் இந்த மருமகன்தான்.

வன்கூவரில் ஏறுகிறவர்களுக்கு அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அங்கேயே, கனடா பிளேஸ் துறையிலேயே நடக்கும். இரண்டு மூன்று கப்பல் ஒரே நாளில் நின்றால் வரிசை நீளும். கால் நோகிறவர்களுக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். ஸ்கக்வேயில் இருந்து யூக்கொன் பக்கம் போகும் பஸ் சுற்றுலா மறுபடி கனடாவுக்குள் நுழையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடவுச்சீட்டைக் கபினில் பூட்டிவிட்டு இறங்கினால் பஸ் ஏற்றாது.

பனியாறு

இவ்வளவு செலவழித்துப் போவது பனியைப் பார்க்க. ஒப்பீட்டில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் விளம்பரங்கள் அதிகம் மழுப்புகிற இடமும் இதுதான்.

கிளேசியர் பே தேசியப் பூங்கா முதலிடம். கடலில் இருந்து உள்ளே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமான குடா. 1794இல் கப்டன் ஜோர்ஜ் வன்கூவரின் மாலுமிகள் பார்த்தபோது இங்கே குடா என்று ஒன்று இல்லை, வாய்வரை பனி நிறைந்திருந்தது. 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜோன் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. கப்பல் உள்ளே போகப் போகக் கரையில் மரம் சிறுத்துக்கொண்டே வரும்: முதலில் பெருங்காடு, பிறகு பற்றை, பிறகு பாசி, கடைசியில் வெறும் பாறை. பனி எப்போது விட்டுப்போனது என்ற கணக்கைக் கரையே சொல்லும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்கு மேல் அனுமதி இல்லை. அந்த அனுமதிகளில் பெரும்பங்கு ஹொலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களிடம். நோர்வீஜியனிடமும் கொஞ்சம் உண்டு. பூங்கா அலுவலர்கள் கப்பலில் ஏறி நாள் முழுக்க விளக்கம் சொல்வார்கள். பூங்காவுக்குள் கழிவது ஒன்பது, பத்து மணித்தியாலம். அதில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் ஒரு மணித்தியாலம்போல நின்று, இரண்டு பக்கத்தாருக்கும் தெரியக் கப்பல் மெதுவாகத் திரும்பும். ஆகவே "எந்தப் பக்கக் கபின்" என்று இந்த நாளுக்காகத் தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

மார்ஜரியின் முகம் நீருக்கு மேல் 250 அடி. கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையின் செங்குத்து ஏறத்தாழ 400 அடி என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிக்கு மேல். உடையும்போது முதலில் தண்ணீர் தெறிப்பது தெரியும், சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அங்கத்தைய டிலிங்கிற் மக்கள் அதை வெள்ளை இடி என்பார்கள். சத்தம் கேட்டபின் கமராவைத் தூக்கினால் ஒன்றும் கிடைக்காது.

ஹபார்ட் இன்னொரு வகை. முகத்தின் அகலம் 10 கிலோமீற்றருக்கு மேல், உயரம் 300 அடிக்கு மேல். சுவாமி மலையைக் கொஞ்சம் தாழ்த்தி, நகரத்தில் இருந்து நிலாவெளி போகிற வழியில் பாதிக்கும் அப்பால்வரை இழுத்து நிறுத்தியது போலிருக்கும். உலகத்துப் பனியாறுகள் பெரும்பாலும் சுருங்கும் காலத்தில் இது முன்னேறி வருகிறது. 1986இலும் 2002இலும் பக்கத்து ரஸ்ஸல் பியோர்டின் வாயை அடைத்தே விட்டது. பிரமாண்டம் என்றால் இதுதான். ஆனால் குடாவில் மிதக்கும் பனிக்கட்டி கூடினால் கப்பல்தலைவர் பல மைல் தள்ளியே திருப்பிவிடுவார். மே, யூனில் அது கூடுதல். ஹபார்ட்டை மட்டும் நம்பி எடுத்த பயணத்தில் அந்த நாள் மூடுபனியாகப் போனால் ஈடு ஒன்றும் இல்லை.

மூன்றாவது எண்டிகொட் ஆம் என்ற ஒடுங்கிய குடா, அதன் முடிவில் டோஸ் பனியாறு. சியாட்டில் கப்பல்களின் அட்டவணையில் இது அதிகம் வரும். முன்பு பக்கத்து ட்ரேசி ஆமும் வரும். 2025 ஓகஸ்ட் 10ஆம் திகதி ட்ரேசி ஆமில் பெரிய மலைச்சரிவு கடலில் விழுந்து பேரலை எழுப்பியது. அதன்பின் பல நிறுவனங்கள் 2026 பயணங்களை எண்டிகொட்டுக்கு மாற்றின. பழைய விளம்பரத்தில் ட்ரேசி ஆம் என்று கண்டால் இப்போதைய அட்டவணையைக் கேளுங்கள். எண்டிகொட் அழகான ஒடுங்கிய பள்ளம், இருபக்கமும் அருவிகள். பெரிய கப்பல் கடைசிவரை போவது அரிது. பனியாற்றைத் தூரத்தில் காட்டிவிட்டுத் திரும்பும். கிட்டப் பார்க்க, கப்பலின் பக்கத்தில் வந்து நிற்கும் சிறிய படகுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். அந்தக் காசைச் சேர்த்தால் "மலிவான" சியாட்டில் கப்பல் எவ்வளவு மலிவு என்று பார்க்க வேண்டும்.

அட்டவணையில் "கிளேசியர் பே" என்ற பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "பனியாற்றுக் காட்சி", "பியோர்ட் பயணம்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அது கிளேசியர் பே அல்ல.

திமிங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவாமி மலையில் நின்றே நீலத் திமிங்கிலத்தின் மூச்சைக் காணக்கூடிய ஊர்க்காரருக்கு, ஜூனோவில் 150 டொலருக்கு மேல் கொடுத்துத் திமிங்கிலம் பார்ப்பது வீண்செலவாகத் தோன்றலாம். நம் கடலில் காணக் கிடைக்காத ஒன்று அங்கே உண்டு: கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கூட்டமாகச் சேர்ந்து, நீருக்கடியில் குமிழி வளையம் விட்டு மீனை நடுவில் குவித்து, ஒன்றாக வாய்பிளந்து மேலே எழும்பும். கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொழில்நுட்பம் உடனே விளங்கும். ஜூனோவும் ஐசி ஸ்ரெயிற் பொயின்றும் அதற்கு நல்ல இடங்கள். நாள் எது என்பது திமிங்கிலத்தின் கையில்.

கப்பலும் கபினும்

பெரிய கப்பல் என்பதற்குள்ளேயே இரண்டு வகை. 2,000 முதல் 2,700 பேர் ஏறும் ஹொலண்ட் அமெரிக்காக் கப்பல்களும், 3,500 முதல் 4,000க்கு மேல் ஏறும் பிரின்சஸ், நோர்வீஜியன், ரோயல் கரீபியன் கப்பல்களும். பத்து வயதுப் பேரப்பிள்ளைகள் கூட வந்தால் பெரியது. மழை நாளில் அவர்களுக்குப் போக்கிடம் வேண்டும். முதியவர்கள் மட்டும் என்றால் சிறியது: லிப்ற்றுக்குக் காத்திருப்புக் குறைவு, ஏறி இறங்கும் வரிசையும் குறைவு. கப்பலைச் சுற்றிவர நடக்கக்கூடிய திறந்த கீழ்த்தளம் உள்ளதா என்று தளவரைபடத்தில் பார்க்க வேண்டும். பனியாற்றுக்கு முன் பக்கம் மாறி மாறி நிற்க அதுதான் உதவும்.

பல்கனி வேண்டுமா? அலாஸ்காவில் பல்கனிக்கு நியாயம் உண்டு: விடிய நான்கு மணிக்கே வெளிச்சம், சாரத்தோடும் போர்வையோடும் வெளியே வந்து நிற்கலாம். ஆனால் பல்கனி காட்டுவது ஒரு பக்கத்தை மட்டும், பனியாற்று நாளில் எல்லோரும் மேல்தளத்தில்தான் நிற்பார்கள். ஜன்னலில்லாத உள்கபினுக்கும் பல்கனிக்கும் இடையே ஆளுக்கு 500 டொலருக்கு மேல் வித்தியாசம் என்றால், உள்கபினை எடுத்து மிச்சத்தைத் திமிங்கிலப் படகுக்கும் ஸ்கக்வே ரயிலுக்கும் வைப்பதே மேல். 1900இல் முடிந்த அந்த ஒடுங்கிய ரயில்பாதை 32 கிலோமீற்றருக்குள் 870 மீற்றர் ஏறுகிறது. வடக்குநோக்கிய ஒருவழிப் பயணத்தில் பல்கனி எடுத்தால் வலப்பக்கம் எடுக்க வேண்டும், கரை அந்தப் பக்கம்.

தலைசுற்றுகிறவர்களுக்குக் கப்பலின் நடுவில் கீழ்த்தளக் கபின். முன்மூக்கிலும் உச்சியிலும் ஆட்டம் அதிகம். நடனசாலைக்குக் கீழேயோ சமையலறைக்குக் கீழேயோ உள்ள கபினை மலிவென்று எடுத்தால் நித்திரை இல்லை. "எந்தக் கபினென்று பிறகு சொல்வோம்" என்ற மலிவு விலையில் இந்த எதையும் தெரிவுசெய்ய முடியாது.

முழங்கால் நோவுள்ளவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: நம் துறைமுகத்தில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை. தென்கிழக்கு அலாஸ்காவில் ஐந்து, ஆறு மீற்றர்வரை போகும். காலையில் தட்டையாக இருந்த இறங்குபலகை பிற்பகலில் செங்குத்தாக நிற்கும். சக்கர நாற்காலிக்காரர் நீர்மட்ட நேரத்தைக் கேட்டு இறங்கி ஏற வேண்டும். கெச்சிக்கானில் நோர்வீஜியன் கப்பல்கள் பல நகரத்தில் நில்லாமல் 11 கிலோமீற்றர் தள்ளி வார்ட் கோவ் துறையில் நிற்கின்றன; பஸ்சில் போய்வர வேண்டும். ஜூனோவில் 2026 முதல் ஒரு நாளைக்கு வரும் கப்பல்களில் மொத்தம் 16,000 படுக்கை, சனிக்கிழமை 12,000 என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. அப்படியும் 32,000 பேர் வாழும் ஊருக்கு அது திருவிழாக் கூட்டம்தான்.

சித்தப்பா சொல்லும் நோர்வே

தூரம், விசா, பஸ் சிக்கல் என்று பார்த்தால் சித்தப்பா சொல்வதில் பலம் உண்டு. கீல், ஹம்பேர்க், கோப்பன்ஹேகன் துறையில் ஏறி நோர்வே பார்த்துத் திரும்பினால் ஒரே ஒரு ஷெங்கன் விசா போதும். கட்டணம் 90 யூரோ. சித்தப்பாவின் சௌத்ஹம்ப்ரனில் ஏறினால் பிரித்தானிய விசாவும் சேரும். கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டதால், விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பதை முதலில் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்கு முன் திறக்கும் விண்ணப்பக் காலத்தின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும்.

காட்சி வேறு. கெய்றாங்கர் பியோர்ட் 15 கிலோமீற்றர் நீளம், செங்குத்து மலை, அருவி, அதன்மேல் கைவிட்ட தோட்டவீடுகள். 2005 முதல் உலக மரபுரிமை. பிளாம் ரயில் 20 கிலோமீற்றரில் 866 மீற்றர் ஏறும். நோர்த் கேப் என்ற வட கோடிவரை போகும் பயணத்தில் மே நடுவில் இருந்து யூலை கடைசிவரை நள்ளிரவிலும் சூரியன் மறையாது. ஆனால் நோர்வேயின் பெருநிலத்தில் கடலுக்குள் உடைந்து விழும் பனிச்சுவர் கிடையாது. ஓல்டன் பக்கம் பனியாறு பார்க்க, இறங்கி மலையேற வேண்டும். மனிதர் வாழ்ந்து பழகிய அழகு நோர்வே. யாரும் தொடாத காடும் பனியும் கரடியும்தான் வேண்டும் என்றால் அது அலாஸ்கா. உலக மரபுரிமைப் பியோர்டுகளில் புகை வெளியிடாத கப்பல்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி 10,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2032இல் வருகிறது. அதன்பின் பெரிய கப்பலில் கெய்றாங்கர் பார்ப்பது எப்படியிருக்கும் என்பது அந்தக் கப்பல்கள் எப்படி மாறுகின்றன என்பதைப் பொறுத்தது.

எப்போது, எதோடு

அலாஸ்காக் காலம் ஏப்ரல் கடைசியில் இருந்து ஒக்டோபர் தொடக்கம்வரை. நிலாவெளி, உப்புவெளியில் விடுதி நடத்துகிறவர்களுக்கு இது வயிற்றெரிச்சல்: நமக்குச் சனம் வரும் அதே மாதங்கள். அவர்களுக்கு மே முதற்பாதி பொருந்தும். விலையும் குறைவு, மழையும் மற்ற மாதங்களைவிடக் குறைவு, மலையில் பனி நிறைய. பள்ளிப்பிள்ளைகளுக்கு ஓகஸ்ட், ஆற்றில் சமன் மீன் ஏறும், கரடி வரும், விலை உச்சம். கெச்சிக்கானில் ஓராண்டு மழை நம் ஊர் மழையின் இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் எந்த மாதத்திலும் பெய்யும். ஹெலிகொப்டர் சுற்றுலாக்கள் முகிலுக்காக ரத்தாவது வழமை. கப்பல் மூலம் எடுத்திருந்தால் காசு திரும்பும், கப்பலும் உங்களை விட்டுப் போகாது.

கோடையில் ஜூனோ 11 முதல் 18 பாகை. கேட்க நுவரெலியாபோல இருக்கும். பனியாற்றின் முன் மேல்தளத்தில் அடிக்கும் காற்று அதைவிட மோசம். பருத்தி ஈரமானால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே வெப்ப உள்ளாடை, நடுவில் கம்பளி, வெளியே நீர்புகாச் சட்டை, தொப்பி, கையுறை. குடை தளத்தில் நிற்காது. ஸ்காபரோவில் பிள்ளைகளிடம் இருக்கிற குளிர்ச்சட்டையே போதும், கொழும்பில் புதிதாக வாங்க வேண்டாம். 8×42 தொலைநோக்கி ஒன்று பல்கனியைவிடப் பயன் தரும்.

மரக்கறிச் சாப்பாடு எல்லாக் கப்பலிலும் உண்டு. இந்திய முறை மரக்கறி வேண்டுமென்றாலும் ஹலால் வேண்டுமென்றாலும் பதியும்போதே எழுத்தில் கேட்க வேண்டும். ஹலால் எல்லா நிறுவனத்திலும் கிடைக்காது. சோற்றுக்குக்கர், கேத்தல், இஸ்திரிப்பெட்டி கப்பலில் பறிபோகும். வீட்டில் செய்த சாப்பாட்டையும் ஏற்றமாட்டார்கள். கருவாடு, மாசி கொண்டுபோனால் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். குமட்டல் குளிசையைக் கடல் ஆடத் தொடங்குமுன் போட வேண்டும், ஆடியபின் போட்டால் வயிற்றில் நில்லாது.

கட்டணத்துக்கு மேல் சேர்வது: ஊழியர் அன்பளிப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர், இருவருக்கு ஏழு நாளில் 224 முதல் 280. கப்பலில் எல்லாக் கணக்கும் அமெரிக்க டொலரில். வங்கி டெபிற் அட்டையைப் பதிந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு தொகையைப் பிடித்துவைத்து, பயணம் முடிந்து பல நாள் கழித்தே விடுவார்கள். பிள்ளையின் கடனட்டை நல்லது. காப்புறுதியில் அவசர மருத்துவ இடமாற்றம் சேர்ந்திருக்கிறதா, எழுபது வயதுக்கு மேல் ஏற்கிறார்களா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். அலாஸ்காத் தீவுகளில் இருந்து நோயாளியை நகரத்துக்குக் கொண்டுபோக விமானம்தான் வழி.

மூன்று விலையில் எது என்று மகளுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால்: சுப்பர் விசாவோடு ரொறன்ரோவில் இருக்கிற பெற்றோருக்கு வன்கூவர் சுற்றுப்பயணம், கிளேசியர் பே உள்ளது, யூன் மாதம், நடுக்கப்பலில் உள்கபின் அல்லது ஜன்னல் கபின். கால் உறுதியாக, இரண்டு கிழமை கையில் இருந்தால் ஒருவழிப் பயணம். சியாட்டில், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக்காக மட்டும். விசா எதுவும் இல்லாமல் இங்கிருந்து புதிதாகத் தொடங்குகிறவர்கள் நோர்வேயைப் பார்க்கட்டும்.

முற்பணம் கட்டும்போது திருப்பித் தரக்கூடிய வகையைக் கேட்டு எடுங்கள், அது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். மீதிக் காசு பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன் கட்ட வேண்டிவரும். அந்தத் திகதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன் கொழும்பு நேர்முகத்தின் முடிவு கையில் இல்லையென்றால் அன்றே ரத்துச் செய்துவிடுங்கள்.